கைமாறி வந்த மீன் தொட்டி: தண்ணீரைத் திருத்துவதும் நோயுற்ற மீன்களைத் தேற்றுவதும்

நாலு வருடத்துக்கு முன் அம்பத்தூரில் இருந்த மாமா தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்ததும் அத்தை கேட்டது ஒன்றுதான். "இந்த மீனுங்கள நீ எடுத்துட்டுப் போயிடுறியாப்பா? எனக்குப் பாக்கத் தெரியாது." மூன்றடித் தொட்டி. அதில் இரண்டு ஒராண்டா கோல்டு ஃபிஷ், மூன்று ஏஞ்சல், மூன்று டைகர் பார்ப், ஒரு சாண் நீளத்தில் ஒரு சக்கர் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன்). தண்ணீர் ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது. கல்லுக்கு அடியில் ஒரு விரற்கடைக்குக் கறுப்புத் தூர்.

பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கல்லை அள்ளிக் குழாயடியில் பளிச்சென்று அலசினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சை வெள்ளைத் தண்ணீர் வரும்வரை பிழிந்தேன். மாமா வீட்டிலிருந்து மூன்று கேனில் கொண்டுவந்த பழைய தண்ணீர் போக மீதியைப் போர் தண்ணீரால் நிரப்பினேன். தொட்டி கண்ணாடிபோல் ஜொலித்தது. மூன்றாம் நாள் முடிவதற்குள் ஒன்பதில் ஐந்து மீன் செத்துவிட்டது.

கொளத்தூரில் ஒரு மீன் கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. "அழுக்குல சாவலண்ணா, நீங்க சுத்தம் பண்ணதுல செத்துப்போச்சு" என்றார். அந்த ஒரு வரிக்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் பிடித்தது. உங்களுக்கும் யாராவது ஒரு தொட்டியை விட்டுப்போயிருந்தால், நான் செய்ததைச் செய்யாமல் இருக்க இந்த வரிசையில் போங்கள்.

முதல் நாள்: எதையும் கழுவாதீர்கள்

முதல் இருபத்துநாலு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும் செய்யுங்கள். எத்தனை மீன், எது மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறது, எது மூலையில் ஒதுங்கி நிற்கிறது, எதன் துடுப்பு மடங்கி உடலோடு ஒட்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்து "இந்தப் புள்ளி முன்னாலேயே இருந்ததா?" என்று மண்டையைக் குடையும்போது உதவும்.

பழைய சொந்தக்காரரிடமோ அந்த வீட்டில் இருப்பவர்களிடமோ மூன்று விஷயம் கேளுங்கள். எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள், கடைசியாக எப்போது மாற்றினார்கள், வெறுமனே குறைந்ததை மட்டும் நிரப்பினார்களா. இந்த மூன்றாவதுதான் முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். என் விஷயத்தில் அத்தை சொன்னது: "மாமா எப்பவும் கேன் தண்ணிதான் ஊத்துவாரு. நாம குடிக்கிறதே அதுக்கும்னு."

தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. போடாத தீனி தண்ணீரைக் கெடுக்காது.

தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 120 லிட்டர். கல்லும் மேலே விடும் இடமும் போக உண்மையில் 100 லிட்டர்தான் இருக்கும். மருந்தின் அளவெல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. கண்ணால் மதிப்பிட்டு மருந்து ஊற்றியே நிறைய மீன் போகிறது.

அப்புறம் கரண்ட். பழைய ஹீட்டரின் கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, பம்ப் ஒயரில் மேலுறை உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் வழிந்து வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தண்ணீருக்குள் கை விடுமுன் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஹீட்டரை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே தண்ணீரைக் குறையுங்கள், இல்லையென்றால் சூட்டில் வெடிக்கும்.

தூக்கிக்கொண்டு வர வேண்டுமென்றால்

தண்ணீரோடு தொட்டியை நகர்த்தவே கூடாது. பாதித் தண்ணீர் இருந்தாலும் ஐம்பது கிலோ. ஓரத்து சிலிக்கான் விட்டுப்போகும். மீன்களைத் தொட்டித் தண்ணீரிலேயே மூடியுள்ள வாளியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தனியாக, அதே தண்ணீரில் நனைந்தபடி, மூடி லேசாகத் திறந்த டப்பாவில் கொண்டுவாருங்கள். அது காயக் கூடாது, வெயிலில் வேகக் கூடாது. கல்லைக் கிளறியதும் மேலெழும் கறுப்புத் தண்ணீரை மட்டும் கொட்டிவிடலாம். கல்லைத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை லேசாக அலசினால் போதும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டு, ஸ்டாண்டு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

ஸ்பாஞ்சில்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அவ்வளவு கொடியதல்ல, தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம்.

இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் படலமாக ஒட்டியிருக்கிறது. புதுத் தொட்டியில் இது வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். மாமா வருடக்கணக்கில் சேர்த்துவைத்ததை நான் குழாயடியில் அரை மணி நேரத்தில் கழுவிவிட்டேன். மாநகராட்சித் தண்ணீராக இருந்தால் குளோரின் வேறு மிச்சத்தைக் கொன்றிருக்கும்.

சோதிக்க வேண்டியவை

துளித்துளியாக ஊற்றிப் பார்க்கும் திரவ டெஸ்ட் கிட் வாங்குங்கள். காகிதப் பட்டையைவிட நம்பகமானது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நாலும் அவசியம். பி.எச். என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். ஐந்தாவதாக கே.எச்., அதாவது தண்ணீரின் கார்பனேட் இருப்பு. இதைப் பலர் வாங்குவதில்லை. பழைய தொட்டிக்கு என்னைக் கேட்டால் இதுதான் முதலில் வேண்டும். நைட்ரேட் சோதனையில் இரண்டாவது புட்டியை நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு குறைத்தே காட்டும். அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்குங்கள்.

இருக்க வேண்டிய அளவு: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பி.பி.எம்.-க்குக் கீழே, முடிந்தால் 20-க்குக் கீழே. ஒரு பி.பி.எம். என்றால் ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம்.

ஒரு விஷயம். பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு "300தான் காட்டுது, தண்ணி சூப்பர்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும். அம்மோனியாவில் மீன் செத்துக்கொண்டிருந்தாலும் அதே 300 காட்டும்.

தொட்டித் தண்ணீரோடு நீங்கள் ஊற்றப்போகும் தண்ணீரையும் சோதியுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது.

இரண்டு வகைப் பழைய தொட்டிகள்

முதல் வகை, கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி வந்தது. அதில் கார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது கார்பனேட்தான். அது தீர்ந்ததும் பி.எச். சரிகிறது. 6-க்கு அருகே போனால் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும், அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் மீன் சாகாது. ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும்.

இனிமேல்தான் கணக்கு. மிச்சமிருந்த அரை கேன் பழைய தண்ணீரை நான் பிறகு சோதித்தேன். பி.எச். 6, அம்மோனியா 4 பி.பி.எம். 28 டிகிரியில், பி.எச். 6-இல், அதில் விஷ வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.003 பி.பி.எம். எங்கள் போர் தண்ணீர் பி.எச். 8-க்கு மேல். பாதிக்குப் பாதி கலந்ததும் மொத்த அம்மோனியா 2 ஆகக் குறைந்தது, ஆனால் பி.எச். 8-ஐ ஒட்டி ஏறியது. அந்த பி.எச்.-இல் நூற்றுக்கு ஆறரை பங்கு விஷ வடிவம், அதாவது 0.13 பி.பி.எம். அம்மோனியாவைப் பாதியாக்கிய அதே கையால் விஷத்தை நாற்பது மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டேன். போதாததற்கு ஸ்பாஞ்சையும் கழுவியாயிற்று. கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

இந்த வகைத் தொட்டியில் முதல் நாலைந்து நாள் அதே மாதிரித் தண்ணீரையே, அதாவது கேன் தண்ணீரையே, நாளுக்குப் பத்து சதவீதம் மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிவைக்கும் வகைக் கண்டிஷனர் கடையில் கிடைக்கும், புட்டியில் போட்டுள்ள அளவுக்குச் சேருங்கள். அம்மோனியா 1-க்குக் கீழே வந்த பிறகு, மாற்றும் தண்ணீரில் கால் பங்கு போர் தண்ணீர், அடுத்த வாரம் அரைப் பங்கு என்று கூட்டுங்கள். பி.எச். ஒரு நாளில் 0.2 அல்லது 0.3-க்கு மேல் ஏறக் கூடாது. போர் இல்லாத வீட்டில் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைக் கழுவி வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைக்கலாம். தண்ணீர் அமிலமாகும்போது அது மெல்லக் கரைந்து கார்பனேட் தரும். சமையல் சோடாவும் வேலை செய்யும், 100 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கே.எச்.-ஐ ஏறக்குறைய 30 பி.பி.எம். உயர்த்தும். ஆனால் அது வேகமானது. அம்மோனியா இருக்கும்போது சோடா போட்டால் நான் செய்ததையே நீங்களும் செய்தவராவீர்கள்.

இரண்டாம் வகை, போர் தண்ணீர் ஊற்றி, ஆவியானதை மட்டும் வருடக்கணக்கில் நிரப்பி வந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது இதற்கு அடையாளம். இங்கே டி.டி.எஸ். மீட்டர் உதவும். குழாயில் 900, தொட்டியில் 2500 என்றெல்லாம் வரும். பி.எச். விழாது, மாறாக 8-க்கு மேலேயே நிற்கும். அதனால் கொஞ்சம் அம்மோனியாகூட இங்கே கொல்லும், 0.5 காட்டினாலும் அன்றே கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். மற்றபடி இதற்கும் வைத்தியம் அதேதான். டி.டி.எஸ்.-ஐத் திடீரென்று பாதியாக்கினால் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஏறி அது திணறும். சிறுகச் சிறுக.

தண்ணீர் மாற்றும் முறை

நாளுக்குப் பத்து சதவீதம் என்றால் எதற்கு ஆகும் என்று தோன்றும். ஏழு நாளில் பழைய தண்ணீரில் 48 சதவீதம்தான் மிஞ்சும். ஒரே நாளில் பாதியைக் கொட்டியதற்குச் சமம், ஆனால் மீனுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைக்கிறது. நைட்ரேட் 160 இருந்தால் ஒரு வாரத்தில் 80-ஐ ஒட்டி வரும், மூன்று வாரத்தில் 20-ஐ நெருங்கும்.

மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரின் இருக்கும். வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்து. அது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட், உடனே வேலை செய்யும். குளோராமின் சேர்த்த தண்ணீரை எத்தனை நாள் வைத்தாலும் எளிதில் போகாது, அதற்குக் கண்டிஷனர்தான்.

மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மே மாதம் மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். காலையில் பிடித்து நிழலில் வையுங்கள். ஊற்றும்போது ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள், தூர் கிளம்பாது.

கல்லுக்கு அடியில் இருக்கும் தூரை சைஃபன் குழாயால் எடுங்கள், ஒரு தடவைக்குத் தொட்டித் தரையில் கால் பங்கு மட்டும். ஆழத்தில் அழுகிய முட்டை வாடை வந்தால் அந்த இடத்தைக் கிளறாமல் குழாயால் நேரே உறிஞ்சி வெளியேற்றுங்கள்.

ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டியது, தண்ணீர் போக்கு குறையும்போது மட்டும். மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீர் வாளியில் இருக்கும் அல்லவா, அதில் நாலு தடவை அமுக்கி எடுத்தால் போதும். அழகாக இருக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் கிழிந்து தொங்கினால் புதியதைப் பழையதோடு சேர்த்து ஆறு வாரம் ஓடவிட்டு, பிறகு பழையதை எடுங்கள். கண்ணாடி கழுவ சோப்பு வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வெயிலும் கரண்ட் கட்டும்

இருபது டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். முப்பது டிகிரியில் ஏழரைதான். சென்னைக் கோடையில் மூடிய அறையில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டும். மூடியைத் திறந்து, தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன டேபிள் ஃபேனை வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்கும். ஐஸ் கட்டியை உள்ளே போடாதீர்கள். ஏர் பம்பை நிறுத்தாதீர்கள், இரவில் சத்தம் தூக்கத்தைக் கெடுத்தாலும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அப்போதுதான் வாங்கி வைத்திருந்தேன், பிழைத்தோம். இல்லாதவர்கள் அரை மணிக்கு ஒருமுறை குவளையில் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றலாம். மூடிய கானிஸ்டர் ஃபில்டர் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போன தண்ணீர் தொட்டிக்குள் பாயும். திறந்து அதைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

மீன் சுணங்கினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஒரு மீனா, எல்லா மீனுமா?

எல்லாம் ஒரே நாளில் சுணங்கினால் தண்ணீரில் கோளாறு. மருந்தை எடுக்காதீர்கள், டெஸ்ட் கிட்டை எடுங்கள். ஒரு மீன் மட்டும், மற்றவை துடியாக இருக்கின்றன என்றால் நோயாக இருக்கலாம். இந்த ஒரு கேள்வி தெரிந்திருந்தால் நான் அந்த மூன்று நாளில் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்றியிருக்க மாட்டேன்.

மேலே வந்து மூச்சு வாங்குவது ஆக்சிஜன் குறைவு, அம்மோனியா, நைட்ரைட் எதனாலும் வரும். செவுள் ரத்தச் சிவப்பாக இல்லாமல் காப்பி நிறத்தில் இருந்தால் நைட்ரைட். அது ரத்தத்தில் ஏறி ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கிறது. இதற்குச் சமையலறையிலேயே மருந்து உண்டு. லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கூடவே தண்ணீர் மாற்றமும் வேண்டும்.

நோயாளிக்குத் தனி இடம்

இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப், ஏர் பம்பில் ஓடும் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த மண் தொட்டி, மேலே மூட வலை. கல் வேண்டாம். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஓடவிட்டு வைத்தால் தேவைப்படும் அன்று பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். டப்புக்குத் தனி வலை, தனிக் குவளை. மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நோயோடு ஸ்பாஞ்சின் பாக்டீரியாவும் போகும், மெத்திலீன் ப்ளூ என்றால் சிலிக்கானும் நீலமாகிவிடும்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் விடாதீர்கள். மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்கு வரும் மைக்கோபாக்டீரியம் ஒன்று உண்டு. ஆறாத புண்ணாக மாதக்கணக்கில் படுத்தும்.

அடிக்கடி பார்ப்பவை

வெள்ளைப் புள்ளி நோய். உப்பைத் தூவியதுபோல உடம்பிலும் துடுப்பிலும் புள்ளிகள், மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும். சென்னையில் இது மார்கழிக் குளிரில்தான் அதிகம் வருகிறது, இரவில் தண்ணீர் சட்டென்று குளிரும்போது. இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து, புது மீனைத் தேடி நீந்தும் அந்த ஓரிரு நாளில்தான் அது மாட்டும். ஆகவே புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தொட்டி முழுவதிலும் ஒட்டுண்ணி இருக்கும் என்பதால் இந்த ஒன்றுக்கு மட்டும் மொத்தத் தொட்டிக்கும் வைத்தியம் செய்யுங்கள். லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பு, அதாவது 100 லிட்டருக்கு 200 கிராம். மூன்று பங்காக்கித் தினம் ஒரு பங்கு கரைத்து ஊற்றுங்கள். இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். இடையில் தண்ணீர் மாற்றினால் மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள், மொத்தத்துக்கும் இல்லை. ஹீட்டர் இருந்தால் 29, 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றலாம், ஏர் பம்பையும் கூட்டுங்கள். கோல்டு ஃபிஷ்ஷும் பார்பும் இந்த உப்பைத் தாங்கும். லோச்சும் சில கெளுத்தி வகைகளும் செடிகளும் சிரமப்படும்.

உப்பில் அடங்காவிட்டால் மாலகைட் க்ரீன் கலந்த மருந்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். செதில் இல்லாத மீனுக்குப் பாதி அளவு.

துடுப்பு அரிப்பு. ஓரம் கிழிந்து வெளுத்து, நாளுக்கு நாள் குறையும். பத்தில் எட்டுத் தடவை இது அழுக்குத் தண்ணீரால் வருவது, தண்ணீர் சரியானால் துடுப்பு தானாக வளரும். என் ஒராண்டா ஒன்றுக்கு வால் பாதி போய், இரண்டு மாதத்தில் முழுக்க வளர்ந்தது. முதலில் டைகர் பார்ப் கடிக்கிறதா என்று பாருங்கள். ஏஞ்சலின் நீளத் துடுப்பு என்றால் அதற்கு உயிர்.

வாயிலும் முதுகிலும் பஞ்சுபோல வந்தால் கவனம். காயத்தின் மேல் நீளமான பஞ்சு இழைகள் என்றால் பூஞ்சை. மெத்திலீன் ப்ளூ கேட்கும். வாயைச் சுற்றிக் குட்டையான வெள்ளைப் படலம், முதுகில் சேணம் போட்டதுபோல வெளுத்த பட்டை, வேகமாகப் பரவுகிறது என்றால் அது பூஞ்சை அல்ல, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும், அதனால் ஹீட்டரைக் கூட்டாதீர்கள்.

நூல்போல ஏதோ உடம்பில் தொங்குகிறதா? நங்கூரப் புழு. புதிதாக வாங்கிய கோல்டு ஃபிஷ்ஷோடு வரும். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, இடுக்கியால் அடியில் பிடித்து இழுத்து, அந்த இடத்தில் மருந்து தொட்டு விடுங்கள். குட்டிகள் தண்ணீரில் இருக்கும் என்பதால் சில வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

தலைகீழாக மிதக்கும் உருண்டைக் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரண்டு நாள் பட்டினி, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி. மலச்சிக்கல்தான் காரணமென்றால் சரியாகிவிடும். வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப் பழத்தோல்போல விரிந்து நின்றால் சிறுநீரகம் கைவிட்டது என்று பொருள். டப்பில் வைத்து முயலலாம், ஆனால் பெரும்பாலும் தேறுவதில்லை.

கேப்சூலை உடைத்துப் போடாதீர்கள்

மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் வாங்கித் தொட்டியில் கொட்டும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கடினமான போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். மீனுக்குள் போவது சொற்பம். தண்ணீரில் மிஞ்சுவதோ ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவைக் குலைக்கலாம், மருந்துக்கு அசையாத கிருமிகளை வளர்க்கலாம். ஆன்டிபயாடிக் வேண்டும் என்று தோன்றினால் கால்நடை மருத்துவரிடமோ மீன்வளக் கல்லூரியிலோ காட்டிக் கேளுங்கள். டப்பில் வைத்து, தீனியோடு கலந்து கொடுக்கச் சொல்வார்கள்.

இரண்டு மருந்தை ஒன்றாகக் கலப்பதும் வேண்டாம்.

தேறாது என்றால்

உயிரோடு கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்வதோ ஃப்ரீசரில் வைப்பதோ கொடுமை. கிராம்பு எண்ணெய் வாங்குங்கள். ஒரு சின்ன புட்டியில் வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீரோடு குலுக்கிப் பால்போல ஆக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் முதலில் லிட்டருக்கு மூன்று நாலு சொட்டுக் கணக்கில் ஊற்றுங்கள். மீன் மயங்கிச் சாய்ந்ததும் மேலும் பத்துப் பதினைந்து சொட்டு. செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். எனக்கு இதை ஒரு முறை செய்ய வேண்டி வந்தது. செடித் தொட்டியில் புதைத்தேன்.

யார் யாரோடு இருப்பது

மீன் தேறியதும் வரும் கேள்வி இது. விட்டுப்போனவர் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருந்தார் என்பதற்காக அப்படியே தொடர வேண்டியதில்லை. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 24 டிகிரிக்குள் இருந்தால் அதற்கு நல்லது. ஏஞ்சலுக்கு 26-க்கு மேல் வேண்டும். சக்கர் "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்பது கடைக்காரர்கள் விற்கச் சொல்லும் கதை. அது பாசியைத் தின்று அதைவிட அதிகம் கழிக்கும், ஒன்றரை அடிவரை வளரும், ராத்திரியில் கோல்டு ஃபிஷ்ஷின் பக்கவாட்டில் ஒட்டி உறிஞ்சவும் செய்யும்.

அதற்காக ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் சக்கர் தமிழ்நாடு, ஆந்திரா, கேரள நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. முள் செதில்களால் வலையைக் கிழிக்கிறது, நம் மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. மீன் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், காசு தர மாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் சக்கரை அதே கொளத்தூர்க் கடைக்காரரிடம் வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறடித் தொட்டி வைத்திருந்தார். தனியாக நின்ற ஏஞ்சலையும் அவரிடமே விட்டேன். இரண்டு ஒராண்டாவும் வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது லிட்டர் மாற்றுகிறேன். அத்தை வந்தால் தொட்டிப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் பார்க்காத நேரத்தில் இரண்டு சிட்டிகை தீனி கூடுதலாகப் போட்டுவிடுவார். மறுநாள் ஐந்து லிட்டர் சேர்த்து மாற்றிவிடுவேன்.